மருதோன்றி: தேர்ந்தெடுத்தலும் பக்குவப்படுத்தலும்

பால்மரத் தோட்டத்தில் பாடுபடுவோரின் தலைமுடி படும் துன்பம் சிறிதன்று. விடியுமுன்னரே தலைவிளக்கின் பட்டையும் தலைத்துண்டும் முடியை இறுக்கிப் பிடிக்கின்றன. வெயில் ஏறியதும் வியர்வை வழிந்து துண்டை நனைக்கிறது. மங்கிலிருந்து வாளிக்குப் பாலை ஊற்றும்போது தெறிக்கும் துளி முடியில் பட்டு உறைந்துவிட்டால், சில வேளைகளில் அந்த முடியையே கத்தரித்து எடுக்க நேரிடுகிறது. இத்தகைய உழைப்புக்கு இடையே முடி வறள்வதும், நுனி பிளப்பதும், வயது ஏறுமுன்னரே நரை தோன்றுவதும் பலருக்கு மனக்குறையாக உள்ளன. தீபாவளி, பொங்கல், திருமணம் என நல்ல நாள்கள் நெருங்கும்போது நரையை மறைத்துக்கொள்ள வேண்டும் என்னும் விருப்பம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் எழுவது இயற்கையே.

அவ்வாறு விரும்புவோரில் பலர் முதலில் நாடுவது மருதோன்றியை. “இலைதானே, இதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?” என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். இலையைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை பெரும்பாலும் சரியானதே. ஆனால், மருதோன்றி என்னும் பெயரைத் தாங்கி வரும் பொட்டலங்கள் அனைத்திலும் இருப்பது இலை மட்டுமன்று. இலையின் பெயரால் கடுமையான இரசாயனச் சாயம் விற்கப்படுவதும் உண்டு. அதை அறியாமல் பூசிக்கொண்டு முகம் வீங்கி மருத்துவமனைக்குச் சென்றவர்கள் பல நாடுகளிலும் உள்ளனர். ஆகவே, மெய்யான மருதோன்றியை எவ்வாறு அறிவது, அதை எவ்வாறு பக்குவப்படுத்துவது, யார் அதைத் தவிர்க்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இலையும் அதன் சாயமும்

மருதோன்றியைப் பேச்சு வழக்கில் மருதாணி என்கிறோம். அழவணம், ஐவணம் என்னும் பெயர்களும் அதற்குத் தமிழில் உண்டு. நம் மலாய் அன்பர்கள் இதனை ‘இனாய்’ என்பர். அவர்களுடைய திருமணங்களில் மணமக்களின் விரல்களுக்கு இனாய் இடும் சடங்கு சிறப்பிடம் பெறுகிறது. தாவர நூலார் இச்செடிக்கு இட்டுள்ள பெயர் ‘லாசோனியா இனெர்மிஸ்’ என்பதாகும். மாதுளையும் இதுவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

வெப்பமும் வறட்சியும் மிகுந்த நிலமே இச்செடிக்கு ஏற்றது. இந்தியாவில் இராஜஸ்தான் மாநிலத்தின் பாலி மாவட்டத்திலுள்ள சோஜத் என்னும் ஊர் மருதோன்றிக்குப் பெயர் பெற்றது. மழை மிகுந்த நம் நாட்டிலும் வீட்டு முற்றத்தில் இச்செடி வளரும். ஆனால், வறண்ட நிலத்து இலையில் இருக்கும் அளவுக்குச் சாயம் நம் ஊர் இலையில் எப்போதும் இருப்பதில்லை.

இலையின் சாயத்திற்கு ‘லாசோன்’ என்று பெயர். உலர்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ 100-இல் 1 பங்கு மட்டுமே இச்சாயம் இருக்கும். பச்சையாக இருக்கும் இலையை வெறுமனே முடியில் தேய்த்தால் பயன் இல்லை. இலையை அரைத்துச் சிறிது புளிப்பு சேர்த்து ஊறவிடும்போதுதான் சாயம் வெளிப்படுகிறது. வெளிப்பட்ட சாயம் முடியிலுள்ள ‘கெரட்டின்’ என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பாலை உறைய வைப்பதற்கு அளவான அமிலமும் போதிய நேரமும் தேவைப்படுவதை நாம் அறிவோம். மருதோன்றியின் நிலையும் அத்தகையதே. அவசரப்பட்டால் வேலை கெட்டுவிடும்.

இங்கு ஓர் உண்மையை நாம் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். மருதோன்றிக்கு ஒரே நிறந்தான் உண்டு. அது செம்மை கலந்த பழுப்பு. அந்நிறத்தை வெண்முடியின் மேல் இட்டால் செம்மஞ்சளாகத் தொடங்கி இரண்டு மூன்று நாள்களில் செம்பழுப்பாக மாறும். கருமுடியின் மேல் இட்டால் வெயிலில் நிற்கும்போது மட்டும் மெல்லிய செம்மை தோன்றும். கருமுடியை இது வெளுக்கச் செய்யாது. வெண்முடியைத் தானாகக் கறுக்கச் செய்யாது. கறுப்பு, அடர்ந்த ஊதா, பொன்னிறம் என வேறு நிறம் எதையேனும் ஒரு பொட்டலம் வாக்களிக்குமாயின், அதனுள்ளே மருதோன்றியைத் தவிர வேறொன்று இருக்கிறது என்பது உறுதி.

முடிக்கு வலிமை தருமா?

தலைத்தோலுக்கு வெளியே நாம் காணும் முடி உயிரற்றது. அதன் வேர் மட்டுமே உயிருள்ளது. அத்தாப்புக் கூரையில் ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வேயப்பட்டிருப்பதைப் போல, முடியின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள் அடுக்கப்பட்டுள்ளன. வெயிலும், கடுமையான சவர்க்காரமும், ஓயாத உராய்வும் இச்செதில்களைத் தூக்கிவிடுகின்றன. அப்போது முடி சொரசொரப்பாகிச் சிக்கலடைந்து எளிதில் ஒடிகிறது.

மருதோன்றிச் சாயம் முடியின் புரதத்தோடு இணைந்து அதன்மேல் படிகிறது. இதனால் ஒவ்வோர் இழையும் சற்றுத் தடித்தாற்போல் தோன்றும், மினுமினுப்பும் கூடும். ‘முடிக்கு வலிமை’ என்று நாம் சொல்வது இந்தப் பாதுகாப்பையே ஆகும். மருதோன்றி வேருக்கு உணவு ஊட்டுவதில்லை. உதிர்ந்த முடியை மீண்டும் முளைக்கச் செய்வதில்லை.

நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. அதற்கு மிகுதியாகக் கொத்துக் கொத்தாக உதிருமாயின் காரணம் வேறாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு, மகப்பேற்றுக்குப் பின் உண்டாகும் மாற்றம், தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, கடும் காய்ச்சல், எந்நேரமும் முடியை இறுக்கிக் கட்டுதல் ஆகியவை அவற்றுட் சில. இவற்றுக்கு மருதோன்றி மருந்தாகாது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதே தக்க வழி.

‘கறுப்பு மருதோன்றி’ என்னும் ஏமாற்று

கடைகளிலும், கைத்தொலைபேசியின் வழி நடைபெறும் விற்பனையிலும் ‘கறுப்பு மருதோன்றி’, ‘இனாய் ஹித்தாம்’ என்னும் பெயர்களோடு தூள்கள் விற்கப்படுகின்றன. அரை மணி நேரத்தில் நரை கறுத்துவிடும் என்பது இவற்றின் விளம்பரம். இத்தகைய தூள்கள் பலவற்றில் கருமையைத் தருவது ‘பாரா-பினைலீன்டையமின்’ என்னும் இரசாயனமாகும். சுருக்கமாக இதனைப் பி.பி.டி. என்பர். 1883ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் நாட்டில் தலைச்சாயத்திற்கென உரிமம் பெற்ற பொருள் இது. இன்றும் பெட்டிகளில் விற்கப்படும் கருஞ்சாயங்கள் பலவற்றில் அளவோடு சேர்க்கப்படுகிறது. அவ்வாறு சேர்க்கும்போது அதன் பெயரையும் எச்சரிக்கையையும் பெட்டியின்மேல் அச்சிட வேண்டும். ‘மூலிகை’, ‘மருதோன்றி’ என்னும் பெயர்களுக்குள் இதனை மறைத்து விற்பதே கேடு.

பி.பி.டி. எல்லாருக்கும் உடனே தீங்கு செய்வதில்லை. பல முறை பூசியும் ஒன்றும் நேராதவர்கள் இருக்கின்றனர். ஆனால், ஒருவருடைய உடல் அதனை ஒரு முறை பகையாக எண்ணிவிட்டால், அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீடிக்கும். பூசிய சில மணி நேரத்திலோ, இரண்டு மூன்று நாள்கள் கழித்தோ தலைத்தோல் அரித்துச் சிவக்கும். நீர்க் கொப்புளங்கள் எழும். நெற்றி, காது, கண் இமைகள் வீங்கும். சிலருக்கு மூச்சுத் திணறலும் உண்டாகும். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006ஆம் ஆண்டில் பி.பி.டி.யை அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்து அனைவரின் கவனத்தையும் ஈர்த்தது.

இரப்பர்த் தொழிலில் உள்ள நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் இதில் அடங்கியுள்ளது. நாம் எடுக்கும் பால் ஆலைகளுக்குச் சென்று வாகனச் சக்கரங்களாக உருவெடுக்கும்போது, இரப்பர் காற்றுப்பட்டு வெடிக்காதிருக்கச் சில இரசாயனங்களைச் சேர்க்கின்றனர். அவற்றுட் சில பி.பி.டி.யின் நெருங்கிய உறவுப் பொருள்கள். ஆகவே, தலைச்சாயத்தினால் ஒவ்வாமை பெற்ற சிலருக்குக் கறுப்பு இரப்பர்க் காலணியும் கைப்பிடியும் படும் இடங்களிலும் தோல் அரிப்பு ஏற்படக்கூடும். சில துணிச் சாயங்களும், மரத்துப்போகச் செய்யும் மருந்துகளுள் சிலவும்கூட அவர்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒரு நாள் அழகுக்காகப் பூசியது, வாழ்நாள் தொல்லையாகிவிடும் என்பதை இதனால் உணரலாம்.

கடையில் தேர்ந்தெடுக்கும் முறை

பொட்டலத்தை வாங்குமுன் அதன் பின்புறத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். எழுத்து மிகச் சிறிதாக இருக்கும். கண் பார்வை குறைந்தவர்கள் பிள்ளைகளின் துணையோடு படிக்கலாம். உட்பொருள் பட்டியலில் ‘லாசோனியா இனெர்மிஸ்’ என்னும் பெயர் மட்டும் இருப்பின் அது தூய மருதோன்றித் தூள் எனக் கொள்ளலாம். ‘பினைலீன்டையமின்’ என முடியும் நீண்ட பெயரோ, ‘பேரியம் பெராக்சைடு’ என்னும் பெயரோ காணப்பட்டால், அது இரசாயனச் சாயம். உட்பொருள் பட்டியலே இல்லாத பொட்டலத்தை, எவ்வளவு மலிவாயினும், வாங்கலாகாது.

நம் நாட்டில் முறைப்படி விற்கப்படும் அழகுப் பொருள்கள் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு அறிவிக்கப்பட்ட பொருளுக்கு ‘என்.ஓ.டி.’ என்னும் எழுத்துகளில் தொடங்கி, 9 இலக்கங்களைக் கொண்டு, ‘கே’ என்னும் எழுத்தில் முடியும் எண் ஒன்று உண்டு. அந்த எண் மெய்யானதா என்பதை முகமையின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்த எண் தரத்திற்கு முழு உத்தரவாதம் ஆகாது. ஆயினும், பொருளுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் யாதென்பதை அறிய அது உதவும். கேடு நேர்ந்தால் முறையிடவும் அதுவே வழியாகும்.

வாங்கிய தூளைப் பின்வரும் எளிய முறைகளால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, நிறம். நல்ல தூள் காய்ந்த இலையின் பசுமையோடு இருக்கும். முற்றிலும் பழுப்பாகிவிட்ட தூள் பழையது; அதில் சாயம் குறைந்திருக்கும். கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் பச்சைச் சாயம் கலந்திருக்கலாம். கறுப்பாக இருந்தால் அது மருதோன்றி மட்டுமன்று.

இரண்டாவது, மணம். மெய்யான மருதோன்றியில் காய்ந்த புல்லின் மணமும் தேயிலையின் மணமும் கலந்தாற்போல் இருக்கும். மூக்கைத் துளைக்கும் நெடியோ, செயற்கை நறுமணமோ இருந்தால் ஐயுற வேண்டும்.

மூன்றாவது, நீர்ச் சோதனை. கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை எடுத்து ஒரு சிட்டிகை தூளைத் தூவ வேண்டும். மணல் கலந்திருந்தால் அடியில் படிந்துவிடும். தூள் விழுந்தவுடனேயே நீர் பளிச்சென்ற பச்சையாக மாறினால் சாயம் கலந்தது எனக் கொள்ளலாம்.

நான்காவது, துணிச் சோதனை. சிறிது தூளை எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்துப் பழைய வெள்ளைத் துணியில் வைக்க வேண்டும். சில மணி நேரத்தில் செம்மஞ்சள் கறை படிந்தால் மருதோன்றி. அரை மணிக்குள் கருங்கறை படிந்தால் அதனை எறிந்துவிட வேண்டும். ஐயத்திற்குரிய தூளை ஒருபோதும் தோலின்மேல் வைத்துச் சோதிக்கலாகாது.

வீட்டுச் செடியிலிருந்து தூள்

லயத்தின் பின்புறத்திலோ வேலியோரத்திலோ வெயில் நன்கு படும் இடமிருந்தால், மருதோன்றியைக் குச்சியிலிருந்தே வளர்க்கலாம். பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் அளவு நறுக்கி, நீர் தேங்காத மண்ணில் நட வேண்டும். வேரில் நீர் நின்றால் செடி அழுகிவிடும். ஆதலின், மேட்டுப் பாத்தியே நல்லது. களைக்கொல்லி தெளிக்கப்படும் இடத்திலிருந்து இலை பறிக்கலாகாது. தோட்டத்தில் வாழ்வோர் இதனை மறத்தல் கூடாது.

முற்றிய இலைகளைத் தொடர்ந்து வெயிலடித்த நாள்களுக்குப் பின்னர்ப் பறித்தல் நலம். பறித்த இலையை அன்றே அம்மியிலிட்டு மையாக அரைத்துப் பயன்படுத்தலாம். சேமிக்க விரும்பினால், இலைகளைக் கழுவி, துணியின்மேல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் காய வைத்தால் இலையின் தரம் குறையும். கையால் நொறுக்கினால் மொறுமொறுவெனப் பொடியும் நிலை வந்ததும் இடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். நார்கள் நீங்கிய தூளே முடியில் எளிதாக ஒட்டும். அலசும்போது எளிதாக நீங்கும். நம் நாட்டின் ஈரக் காற்று தூளை விரைவில் கெடுத்துவிடும். ஆகவே, இறுக மூடும் டப்பாவில் போட்டு இருட்டான இடத்தில் வைத்தல் வேண்டும்.

பக்குவப்படுத்தும் முறை

தோள்வரை உள்ள முடிக்கு 100 கிராம் தூள் போதும். இடைவரை நீண்ட முடிக்கு 200 முதல் 300 கிராம் வரை தேவைப்படும். கண்ணாடி, பீங்கான் அல்லது நெகிழிப் பாத்திரத்தில் கலப்பது நன்று. அலுமினியப் பாத்திரத்தைப் புளிப்பு அரித்துவிடும் என்பதால் அது கூடாது. இரும்புச் சட்டியில் ஊற வைப்பது நம் பழைய வழக்கம். இரும்போடு சேரும்போது நிறம் சற்று மங்கி அடர்த்தியாகும். அவ்வாறு செய்வோர் துருப்பிடித்த சட்டியைத் தவிர்க்க வேண்டும்.

தேயிலையைக் கொதிக்க வைத்து வடிகட்டி, வெதுவெதுப்பாகும்வரை ஆறவிட வேண்டும். 100 கிராம் தூளுக்கு ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் தேநீர் தேவைப்படும். அதனைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கட்டியில்லாமல் குழைக்க வேண்டும். பிறகு ஓர் எலுமிச்சையின் சாற்றைச் சேர்க்கலாம். இறுதியில் கலவை தயிரைப்போல், கரண்டியிலிருந்து மெல்ல விழும் பதத்தில் இருக்க வேண்டும். கொதிக்கும் நீரை ஊற்றலாகாது. புளிப்பு மிகுந்தால் முடி வறண்டுவிடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக முதன்மையானது. புளிப்புக்காகப் பாலை உறைய வைக்கும் அமிலத்தை ஒரு துளியும் சேர்த்தலாகாது. அது தோலையும் கண்ணையும் சுட்டுப் புண்ணாக்கும். நீர் கலந்தாலும் தலைக்கு உரியதன்று. எலுமிச்சைச் சாறும் தேநீருமே போதுமானவை.

முட்டையையும் தயிரையும் சேர்ப்பது நம் வீடுகளில் வழக்கம். முடியை மிருதுவாக்க மட்டும் விரும்புவோர் அவ்வாறு செய்யலாம். ஆனால், மருதோன்றிச் சாயம் புரதத்தைப் பற்றும் இயல்புடையது. முட்டையும் தயிரும் புரதம் நிறைந்தவை. சாயத்தின் ஒரு பகுதி அவற்றையே பற்றிக்கொள்ளும் என்பதால், நரைக்கு நிறம் வேண்டுவோர் அவற்றைத் தவிர்ப்பதே தகும்.

கலவையை மூடி 6 முதல் 8 மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும். மேற்பரப்பு பழுப்பாகவும், கரண்டியால் கிளறினால் உட்புறம் பச்சையாகவும் காணப்படுமாயின் சாயம் வெளிப்பட்டுவிட்டது எனலாம். ஓய்வு நாளுக்கு முந்திய இரவில் கலந்து வைத்தால் காலையில் பக்குவமாகியிருக்கும். இரண்டு மூன்று நாள்கள் வெளியிலேயே வைத்துவிட்டால் சாயத்தின் ஆற்றல் குன்றிவிடும்.

பூசும் முறை

முதன்முறையாகப் பூசுவோர், தூய தூள் என்று தெரிந்த பின்னரும், முழங்கையின் உட்புறத்தில் சிறிது கலவையை வைத்துக் கழுவிவிட்டு, இரண்டு நாள்கள் காத்திருத்தல் வேண்டும். அரிப்போ தடிப்போ தோன்றாவிடில் பூசலாம். சீப்பில் உதிர்ந்த சில முடிகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றைக் கலவையில் ஊற வைத்துப் பார்த்தால், எந்நிறம் வரும் என்பதையும் முன்னரே அறிந்துகொள்ளலாம். ஏற்கெனவே இரசாயனச் சாயம் பூசிய தலைக்கு இச்சோதனை மிகவும் தேவை.

எண்ணெய்ப் பசை போகத் தலையைக் கழுவி உலர்த்திய பின்னரே பூச வேண்டும். எண்ணெய் இருப்பின் சாயம் முடியைச் சென்று சேராது. ஆனால், நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டால் அவ்விடங்களில் கறை படியாது. கைகளுக்கு உறை அணிந்து, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை தாராளமாகப் பூச வேண்டும். பின்னர் முடியைச் சுருட்டி, நெகிழிப் பையாலோ வாழையிலையாலோ மூடிக் கட்டிக்கொள்ளலாம். காய்ந்துபோன மருதோன்றி நிறத்தைத் தருவதில்லை.

நரைக்கு நிறம் வேண்டுவோர் 2 முதல் 4 மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும். மினுமினுப்பை மட்டும் விரும்புவோருக்கு ஒரு மணி நேரம் போதும். ஈரத்தோடு நெடுநேரம் இருப்பதால் சிலருக்குச் சளியும் தலைபாரமும் ஏற்படலாம். அத்தகையோர் வெயிலுள்ள நாளில் குறைந்த நேரம் வைப்பது நல்லது. உறங்கும்போது பூசியிருத்தல் வேண்டா.

தெளிந்த நீரால் பல முறை அலச வேண்டும். அன்றைக்குச் சவர்க்காரமோ சிகைக்காயோ வேண்டா. ஒன்றிரண்டு நாள்கள் கழித்துத் தேய்க்கலாம். அலசியவுடன் நரை செம்மஞ்சளாகத் தோன்றுவதைக் கண்டு வருந்தத் தேவையில்லை. நறுக்கிய வாழைக்காய் காற்றுப்பட்டுக் கறுப்பதைப் போல, இந்நிறமும் காற்றுப்பட்டு இரண்டு மூன்று நாள்களில் அடர்ந்துவிடும். எனவே, திருமணத்திற்கோ திருநாளுக்கோ மூன்று நாள்களுக்கு முன்னரே பூசிக்கொள்வது சிறந்த முறையாகும். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே, மாதம் ஒரு முறை வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசினால் போதும்.

கருமை வேண்டுவோருக்கு

நரையைக் கறுப்பாக்க விரும்புவோருக்கும் இலைவழி ஒன்று உண்டு. அதுவே அவுரி. நீலச் சாயம் எடுக்கப்படும் செடி இது. மருதோன்றியின் செம்மையும் அவுரியின் நீலமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்போது கண்ணுக்குக் கருமையாகத் தோன்றுகிறது. முதலில் மருதோன்றியைப் பூசி அலச வேண்டும். அதன்பின் அவுரித் தூளை வெதுவெதுப்பான நீரில் மட்டும் குழைத்து, கால்மணி நேரம் ஊறவிட்டு, உடனே பூச வேண்டும். அவுரிக்குப் புளிப்பு ஆகாது. ஊறவைத்துக் காத்திருப்பதும் ஆகாது. ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வைத்திருந்து அலசலாம். இருவேளை உழைப்பு இதற்குத் தேவைப்படுவது உண்மையே. எனினும், அரை மணியில் கறுக்கச் செய்யும் தூளுக்கு மாற்றாக இதுவே உள்ளது.

யார் தவிர்க்க வேண்டும்?

ஜி6பிடி என்னும் நொதி இரத்தத்தில் குறைவாக உள்ளவர்களுக்கு மருதோன்றியே தீங்காகக்கூடும். சாயம் தோலின் வழி உடலுக்குள் சென்று இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சிளங் குழந்தைகளுக்கு இதனால் கடும் மஞ்சட்காமாலையும் இரத்தச் சோகையும் ஏற்பட்டுள்ளன, உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து இக்குறையைக் கண்டறிகின்றனர். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் அது குறிக்கப்பட்டிருப்பின், பெயர் சூட்டும் நாளாயினும் திருவிழாவாயினும், கைகால்களுக்கு மருதோன்றி இடலாகாது. குறை இருப்பது தெரியாவிட்டாலும், கைக்குழந்தைகளுக்கு இதனை இடாதிருப்பதே அறிவுடைமை. இக்குறையுள்ள பெரியவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

தலையில் புண், சிரங்கு, வெடிப்பு உள்ளவர்கள் அவை ஆறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். முன்பு ஏதேனும் தலைச்சாயத்தினால் வீக்கமோ கொப்புளமோ கண்டவர்கள், சோதனைக்காகக்கூடக் கருஞ்சாயத்தை மீண்டும் தொடலாகாது. பூசிய பின்னர் அரிப்புத் தோன்றினால் உடனே நிறைய நீரால் அலசிவிட்டு, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறலோ, நாக்கு வீக்கமோ, முகம் முழுதும் வீக்கமோ கண்டால் காலம் தாழ்த்தாமல் 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். சாயத் தூள்களைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் அனைவரின் கடமையாகும். பி.பி.டி. கலந்த தூள் வாய்க்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து.

நிறைவாக

நரை இழுக்கன்று, அதனை மறைக்க விரும்புவதும் குற்றமன்று. விரும்புவோர் தம் உடலுக்குக் கேடு வராத வழியை நாடுதலே வேண்டுவது. மெய்யான மருதோன்றி செம்பழுப்பைத் தவிர வேறெதையும் வாக்களிப்பதில்லை. ஓர் இரவு ஊறவும் ஒரு பகல் காத்திருக்கவும் நம்மைக் கேட்கிறது. அந்த நேரத்தை அளிக்க இயலாதவரிடமே கறுப்புத் தூள் விற்கப்படுகிறது.

பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து, உட்பொருள் பட்டியலைப் படித்து, நல்ல தூளை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும். இடமுள்ள இல்லங்கள் வேலியோரத்தில் ஒரு மருதோன்றிக் குச்சியை இம்மாதமே நடலாம். அடுத்த முறை பொட்டலம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, முன்புறத்துப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னர்ப் பின்புறத்து எழுத்தைப் படியுங்கள். அப்பழக்கம் நம் குடும்பத்தாரின் கண்ணையும் தோலையும் காக்கும்.